கணிப்பொறிக்கும் காற்று வேண்டும்

 

சென்ற மாதம் சகோதரி ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய கணவர் சபூரில் இருக்கின்றார். பிள்ளைகளின் படிப்புக்காக அவர் பணம் அனுப்பி வாங்கிய கணிப்பொறி, கோடை தொடங்கியதிலிருந்து அரை மணி நேரம் ஓடினால் தானாகவே அணைந்துவிடுகின்றதாம். பழுது பார்ப்பவர், "உள்ளே எல்லாம் போய்விட்டது. விற்றுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்று கூறிவிட்டாராம். கணவரிடம் இதைச் சொல்ல நாவெழாமல் தவிப்பதாக எழுதியுள்ள அச்சகோதரி, "விற்றுவிடலாமா?" என்று கேட்கின்றார்.

விற்காதீர்கள் சகோதரி! கணவரிடமும் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கச் செய்யுங்கள். இதே நிலை என் இல்லத்தில் 2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த சில வாரங்களில் ஏற்பட்டது. அதில் நான் இழைத்த தவறு கணிப்பொறியோடு நிற்கவில்லை என்பதனால்தான் இம்மாதப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகின்றேன்.

எங்கள் வீட்டுக் கணிப்பொறி 2019இல் வாங்கியது. வாங்கி வந்த அன்றே அதற்கு இடம் தேடினோம். கூடத்தில் கிதாபுகள் வைக்கும் தேக்குமரக் கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து, சி.பி.யு. என்று நாம் அழைக்கும் அந்தப் பெட்டியை உள்ளே வைத்தேன். திரை மட்டும் வெளியே மேசையின்மீது இருந்தது. தூசி படக்கூடாது என்று கதவையும் சாத்தினேன். என் வீட்டார் பச்சை வெல்வெட்டில் சரிகைக் கரை வைத்து ஓர் உறை தைத்துப் போட்டார். மணப்பெண்ணைப் போல் இருந்தது பெட்டி. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன்.

ஐந்தாண்டுகள் ஓடிய பிறகு ஒரு நாள் பிற்பகலில் திடீரென அணைந்தது. மறுநாளும் அணைந்தது. அதற்குப் பின் அடிக்கடி. மகனுக்கு அப்போது பதினேழு வயது. நான் வேறு எதையும் விசாரிக்கவில்லை. கண்ட கண்ட விளையாட்டுகளை ஏற்றிக் கெடுத்துவிட்டான் என்று அவனைக் கடிந்துகொண்டேன். "நான் ஒன்றும் செய்யவில்லை வாப்பா" என்று ஒரே ஒரு முறை சொன்னான். அதன் பிறகு அவன் எதுவும் பேசவில்லை. பேசாததையே குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன். அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் வீண் சந்தேகத்தைத் தவிர்க்குமாறு வந்துள்ள கட்டளையை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகின்றவன் நான்! அவன் கணிப்பொறியைத் தொடக்கூடாது என்று தடையும் போட்டுவிட்டேன்.

பக்கத்து நகரில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது, பிராசஸரும் சந்தேகம்தான், பதினான்காயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். ஹார்டு டிஸ்க் தேறுமா என்றால் அதற்கும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அப்போதுதான் என் நெஞ்சு திடுக்கிட்டது. மர்ஹூம் வாப்பா அவர்கள் 1990களில் ஓதிப் பதிவு செய்த கிராஅத் ஒலிநாடாக்கள் நான்கு எங்களிடம் இருந்தன. நாடா பூஞ்சை பிடித்து அழிந்துவிடும் முன், அவற்றை முழுவதும் ஓடவிட்டுக் கணிப்பொறியில் ஏற்றி வைத்திருந்தோம். ஏற்றி வைத்திருந்தோம் என்று நான் எழுதுவது நியாயமன்று. 2022ஆம் ஆண்டு விடுமுறையில் இரவு இரவாக அமர்ந்து ஏற்றியவன் அந்த மகன்தான். வேறு பிரதி எங்கும் இல்லை.

பெட்டியைப் பழுது பார்க்காமலே திரும்ப வாங்கி வந்தேன். எங்கள் மதரஸாவில் ஓதிய பழைய மாணவர் ஒருவர் பட்டயப் படிப்பு முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே கணிப்பொறி பழுது பார்க்கின்றார். அவரை அழைத்தேன். அவர் பெட்டியைத் தொடுவதற்கு முன்பே இரண்டு கேள்விகள் கேட்டார்.

"ஹஜ்ரத், இது எந்த நேரத்தில் அணைகிறது?"

எனக்கு விடை தெரியவில்லை. வாசலில் நின்ற மகன் சொன்னான்: "சுப்ஹு தொழுதுவிட்டு வந்து போட்டால் நன்றாக ஓடும் காக்கா. லுஹருக்குப் பிறகு போட்டால்தான் அணையும். அஸர் வரை ரொம்ப மோசம். இஷாவுக்குப் பிறகு மறுபடியும் பரவாயில்லை."

"பெட்டி எங்கே இருந்தது?"

அலமாரியைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கினார் என்பது எனக்குத் தெரிந்தது.

முற்றத்திற்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே நடுவில் ஒரு சிறு ஃபேன் இருக்கின்றது. அதன் இறக்கைகளில் தூசி படிந்திருந்தது; அது நான் எதிர்பார்த்ததுதான். அவர் அந்த ஃபேனைக் கழற்றி எடுத்தார். அதற்கு அடியில்தான் இருந்தது விஷயம். ஃபேனுக்கும் அதன் கீழுள்ள உலோகத் தகடுகளுக்கும் இடையே, கம்பளித் துண்டை வெட்டி வைத்தாற்போல் ஒரு தூசிப் படலம்! ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது முழுவதும் ஒரே படலமாக உரிந்து வந்தது. அதை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தார். பிசுபிசுத்தது. "முகர்ந்து பாருங்கள் ஹஜ்ரத்" என்றார். சாம்பிராணி வாசம்!

வாசகர்களே, எங்கள் வீட்டில் வியாழன் மாலை மஃரிபுக்குப் பின் யாசீன் ஓதும்போது கூடத்தில் சாம்பிராணி போடுவது வழக்கம். சாம்பிராணி என்பது மரத்தின் பிசின். அதன் புகை வெறும் மணம் அன்று. நுண்ணிய பிசின் துளிகளும் கரியும் சேர்ந்தது. கணிப்பொறியின் ஃபேன் அறைக் காற்றை இடைவிடாமல் உள்ளே இழுப்பதனால் அப்புகையும் உள்ளே செல்லும். செல்லும் இடத்தில் படிந்து, பின்னர் வரும் தூசியைப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், சமையலறைத் தாளிப்புப் புகை யாவும் இதே வகையைச் சேர்ந்தவைதாம். சாம்பிராணி போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அந்நேரத்தில் கணிப்பொறியை அணைத்துவிடுங்கள். ஃபேன் சுழலாவிட்டால் புகை அவ்வளவாக உள்ளே போகாது.

இப்போது, இந்த ஃபேனும் தகடும் எதற்காக என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும். கணிப்பொறியின் மூளையாகிய பிராசஸருக்குள் கணக்கு நடக்கும் சில்லு ஏறத்தாழக் கட்டைவிரல் நகத்தின் அளவே இருக்கும். வீட்டு மேசைக் கணிப்பொறிகள் பலவற்றில் அதற்கு 65 வாட் என்று குறிப்பிட்டிருப்பார்கள். முன்பு நம் வீடுகளில் எரிந்த 60 வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அச்சூடு எத்தகையது என்று தெரியும். அவ்வளவு சூடு ஒரு நகத்தளவு இடத்தில் பிறக்கின்றது. பிராசஸர் உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதுமே கடைசியில் சூடாகத்தான் மாறுகின்றது. அச்சூட்டை வாங்கிப் பரப்புவதற்குத்தான் அதன்மீது அலுமினியத்திலோ செம்பிலோ செய்த ஹீட் சிங்க் என்னும் தகட்டடுக்கு. அத்தகடுகளின் இடைவெளியில் காற்றை அடித்துச் சூட்டை அகற்றுவது ஃபேன். இடைவெளி அடைபட்டால் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் பயனில்லை. இரைச்சல் மட்டும் கூடும். தூசியோ சூட்டைக் கடத்தாத பொருள். போர்வை போர்த்திய மாதிரிதான்.

சூடு மீறும்போது பிராசஸர் என்ன செய்யும்? முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "கணிப்பொறி தவழ்கிறது" என்று நாம் சலித்துக்கொள்வோம். அதற்கும் அடங்காமல் ஏறினால், எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். இன்றைய பிராசஸர்களில் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் வரம்பு பெரும்பாலும் 95 முதல் 100 பாகை செல்சியஸ் வரை இருக்கும். ஆகவே அணைந்துபோனது என்பதனாலேயே செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மகன் சொன்ன தொழுகை நேரக் கணக்கு ஏன் அந்த மாணவருக்கு உடனே விளங்கியது என்பதும் இதிலேயே இருக்கின்றது. ஃபேன் அறைக் காற்றைத்தான் அடிக்கின்றது. அறையின் வெப்பத்திற்குக் கீழே அதனால் எதையும் குளிர்விக்க முடியாது. வைகறையில் அறை 28 பாகையாக இருக்கும்போது தப்பித்துக்கொள்ளும் பெட்டி, கத்திரி வெயில் பிற்பகலில் 38 பாகையாகும்போது தப்பிக்க வழியில்லை. உங்கள் கணிப்பொறியும் காலையில் நன்றாக ஓடி உச்சிப்பொழுதில் மட்டும் மக்கர் செய்யுமானால் முதல் சந்தேகம் தூசியின்மீது இருக்கட்டும்; பிள்ளையின்மீது வேண்டாம்.

தூசியை அகற்றி, சுண்ணாம்புபோல் காய்ந்திருந்த பழைய பசையைத் துடைத்துப் புதுப்பசை இட்டு, பெட்டியை மூடி இயக்கினார். பிராசஸரின் வெப்பத்தைக் காட்டும் திரை ஒன்று உண்டு. சுத்தம் செய்வதற்கு முன் 94 என்று காட்டிய இடத்தில் இப்போது 51 என்று காட்டியது. மதர்போர்டுக்கு ஒன்றும் இல்லை. பிராசஸருக்கு ஒன்றும் இல்லை. வாப்பாவின் குரல் இருந்தது. செலவு, பசைக்கும் அவர் உழைப்புக்குமாகச் சில நூறு ரூபாய். அதையும் அவர் வாங்க மறுத்ததால் வற்புறுத்திச் சட்டைப் பையில் வைக்க வேண்டியிருந்தது.

அவர் போன பிறகு மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீடுகளில் வழக்கமில்லை. எனக்கும் தொண்டை அடைத்தது. அவன், "பரவாயில்லை வாப்பா" என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து வெல்வெட் உறையை எடுத்து மடித்து அவன் உம்மாவிடம் கொடுத்தான்.

இனி, நீங்கள் செய்ய வேண்டியவை. பெட்டியை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். வெளிவரும் சூடான காற்றையே அது திரும்பவும் உள்ளிழுக்கும். பொதுவாக முன்பக்கமாகக் காற்று உள்ளே சென்று பின்பக்கமாக வெளியேறும்படி பெட்டிகளை அமைக்கின்றார்கள். ஆகையால் சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்னே அரைச் சாணாவது இடைவெளி விடுங்கள். தரையிலும் வேண்டாம். பெருக்கும்போது எழும் தூசியும், கம்பளத்தின் இழையும், தலைமுடியும் தரையோரம்தான் உலவும். மணைப் பலகை ஒன்றின்மீது உயர்த்தி வைத்தாலே பாதித் தொல்லை குறையும். வீடு பெருக்கும் நேரத்தில் அணைத்துவிடுவதும், அவ்வறையை மட்டும் ஈரத் துணியால் துடைப்பதும் நலம். குழந்தைகளுக்குப் பவுடர் போடும் இடமும் கணிப்பொறி அருகில் இருக்க வேண்டாம். உறை போடத்தான் வேண்டுமென்றால், அணைத்துச் சூடு ஆறிய பின் போடுங்கள். இயக்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

சிலர் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை ஃபேனை அதற்கு நேரே திருப்பி வைத்திருப்பார்கள். அன்றைய பொழுதுக்குச் சூடு குறையலாம். ஆனால் தெருத் தூசி முழுவதையும் நாமே உள்ளே தள்ளுகின்றோம் என்பதை மறந்துவிடுகின்றோம். திறந்த பெட்டிக்குள் பல்லியும் எறும்பும் குடியேறுவது வேறு. 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்ட மார்க் 2 என்னும் கணிப்பொறி பழுதானபோது, அதன் பாகம் ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருந்ததைக் கண்டு, அதைப் பதிவேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். அப்பதிவேடு இன்றும் அங்குள்ள தேசிய அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கின்றது. எங்கள் பெட்டியிலிருந்து வந்தது காய்ந்த பல்லிக்குட்டி ஒன்று. அதை எந்தப் பதிவேட்டிலும் ஒட்டவில்லை!

சுத்தம் செய்யும் முறையில் மிகுந்த கவனம் வேண்டும். கணிப்பொறியை முறையாக அணைத்து, சுவிட்சை மட்டும் நிறுத்தாமல் ஒயரையே பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கிய பிறகு, இயக்கும் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கிய மின்சாரத்தின் பெரும்பகுதி வடிந்துவிடும். பெட்டியின் வெறும் உலோகப் பகுதியைத் தொட்ட பின்பே உள்ளே கை வைக்க வேண்டும். நம் உடலிலும் ஆடையிலும் தேங்கும் நிலைமின்சாரம் நமக்கு உறைக்காத அளவில் இருந்தாலும் சில்லுகளைக் கெடுக்க வல்லது. பாலியஸ்டர், நைலான் ஆடைகளில் அது அதிகம், பருத்தி நல்லது. திறந்த வெளியில் வைத்து, வண்ணம் தீட்டும் மென்மையான காய்ந்த தூரிகையால் தூசியைத் தளர்த்தி, காற்றடிக்கும் புளோயர் இருந்தால் அதனால் ஊதலாம். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று அச்சு தேய்ந்துபோகும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் தெறிக்கும். ஈரத் துணி உள்ளே கூடவே கூடாது. தரை சுத்தம் செய்யும் உறிஞ்சு கருவியின் குழாயைப் பலகைக்கு அருகில் கொண்டுபோவதும் நல்லதன்று. அதன் முனையில் நிலைமின்சாரம் உண்டாகும்.

எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்சாரப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். அதன் துளைகளின் வெளிப்புறத்தைத் தூரிகையால் துடைத்தால் போதும். ஹீட் சிங்கைக் கழற்றிப் பசை மாற்றுவதும் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலையே. சில வகைகளில் அதை அவசரமாக இழுத்தால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்து கால்கள் வளைந்துவிடும்.

கடற்கரை ஊர்களில் வாழும் நம்மவர்களுக்குத் தூசியோடு உப்பும் சேர்ந்துகொள்கின்றது. கடற்காற்றில் வரும் உப்பு, தூசியில் தங்கிக் காற்றின் ஈரத்தை இழுக்கும். செம்பு முனைகள் பச்சை பூத்து அரிக்கும். ஆகவே மாலையில் கடற்காற்று வீசும் சன்னலுக்கு நேரே பெட்டியை வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பல நாள் இயக்காமல் மூடி வைப்பதும் சரியன்று. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது ஓடவிட்டால் அதன் சொந்தச் சூடே ஈரத்தை உலர்த்திவிடும். உள்நாட்டு ஊர்களில் ஆறு மாதத்திற்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும். கடற்கரையிலும் தெருவோர வீடுகளிலும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை செய்வதே சிறந்தது என்பது என் கருத்து.

மடிக்கணினிக்கும் இதே விதிதான். பெரும்பாலானவற்றில் காற்று அடிப்புறமாகவே உள்ளே செல்வதால் மெத்தை, தலையணை இவற்றின்மீது வைத்து இயக்குவது அதன் மூக்கைப் பொத்துவதாகும். பலகை மீது வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் கொடுத்துத் திறந்து சுத்தம் செய்யுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு மீண்டும் ஒரு வார்த்தை. பெட்டியை உங்கள் கண்முன்னேயே திறக்கச் சொல்லுங்கள். தூசி இருந்தால் உங்களுக்கே தெரியும். தூசியை அகற்றிய பிறகும் அணைந்தால் மட்டுமே அடுத்த செலவைப் பற்றிச் சிந்தியுங்கள். அதற்கு முன்பு, பிள்ளைகளின் பாடமோ கணவரின் குரலோ படமோ அதில் இருக்குமானால், வைகறையில் அறை குளிர்ந்திருக்கும் வேளையில் இயக்கி, வேறொன்றில் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். நாங்கள் வாப்பாவின் கிராஅத்தை மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை என் தங்கை வீட்டில் கொடுத்து வைத்திருக்கின்றோம்.

எங்கள் பெட்டி இப்போது கூடத்து மூலையில் மணைப் பலகையின்மீது உறையின்றி இருக்கின்றது. வெல்வெட் துணி தலையணை உறையாகிவிட்டது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஜும்ஆவுக்குப் பின் மகன் முற்றத்தில் அதைத் திறக்கின்றான். ஃபேன் இறக்கையைப் பிடித்துக்கொள்வது என் வேலை.

மின் அழுத்தம் ஏறி இறங்குவதால் வரும் கேடுகளைப் பற்றி இருவர் கேட்டுள்ளனர். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் எழுதுகின்றேன். வஸ்ஸலாம்.